“தூக்கம் வரலை” என்று மட்டும் சொல்லாதீர்கள்: பார்க்கின்சன் உள்ளவரின் இரவைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. கை நடுங்குவதையும் நடை குறுகிப்போனதையும் ஊரே பார்த்தது. ராத்திரி என்ன நடக்கிறது என்பது மட்டும் அம்மாவுக்குத்தான் தெரியும். தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். இரண்டு முறை அம்மாவின் தோள் கன்றிப்போய் நானே பார்த்தேன். “மாந்தோப்புக் காவலுக்குப் போனப்ப ஏதோ பட்டிருக்கு” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். அதற்கப்புறம் ஒரு கிளினிக்கில் தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் அப்பாவால் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை.

எங்கள் ஊர் காரிமங்கலம் பக்கம். நான் ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிறேன், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். இந்த ஓட்டத்தில் ஒன்றரை வருடம் வீணாகப் போனது. பார்த்த மருத்துவர்களிடமெல்லாம் நாங்கள் சொன்னது ஒரே வாக்கியம்: “ராத்திரி தூக்கமே இல்லைங்க.” அதற்குக் கிடைத்ததும் ஒரே பதில், தூக்க மாத்திரை. பார்க்கின்சன்காரரின் இரவைக் கெடுக்க நான்கைந்து வேறு வேறு காரணங்கள் உண்டு, ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை மோசமாக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள். என்ன கேட்பது, எதைக் கையில் எடுத்துப் போவது என்பதற்காக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு வாரத்து இரவை மணியோடு குறியுங்கள்

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் விட எங்களுக்கு உதவியது இந்தக் குறிப்புதான். செலவு கிடையாது. குறைந்தது ஏழு இரவுகள் எழுதுங்கள். எழுத வேண்டியவை இவை: படுத்த நேரம், கடைசி லெவோடோபா (பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்து) மாத்திரை போட்ட நேரம், ஒவ்வொரு முறை விழித்த நேரமும் ஏன் விழித்தார் என்பதும், சிறுநீருக்கு எத்தனை முறை எழுந்தார், கத்தினாரா, கீழே விழுந்தாரா, காலையில் முதல் மாத்திரைக்கு முன் உடம்பு எப்படி இருந்தது, பகலில் எங்கே எவ்வளவு நேரம் தூங்கிவிழுந்தார்.

என் அம்மாவுக்கு எழுத வராது. ஆனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தெரியும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அப்பா விழிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குரல் பதிவு. “கால் இழுக்குதாம்டா”, “திரும்ப முடியலைன்னு எழுப்பினாரு”, “யாரையோ வெரட்டறாரு பாரு”, அவ்வளவுதான். பதிவில் நேரம் தானாக விழுந்துவிடும். ஷிப்டு முடிந்து வந்து நான் அதைக் கேட்டு நோட்டில் ஏற்றுவேன். ஒரு வாரத்தில் படம் தெளிவானது: கத்தலும் உதையும் பெரும்பாலும் 3 மணிக்கு மேல், திரும்ப முடியாமல் தவிப்பது 1 மணி வாக்கில், கால் விரல் மடங்கி இழுப்பது விடிகாலை 5 மணிக்கு. ஒரே தூக்கமின்மை என்று நாங்கள் நினைத்தது மூன்று தனித்தனிப் பிரச்சினை.

கூடவே ஃபோனில் வீடியோ எடுங்கள். ஒரு நிமிடம் போதும், சிறு விளக்கு வெளிச்சமே போதும். கை கால் அசைவும் முகமும் தெரிய வேண்டும், கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது முக்கியம். அப்பாவிடம் முதலில் அனுமதி கேளுங்கள். என் அப்பா கோபித்துக்கொண்டார். “மருத்துவர் ஒருத்தருக்குத்தான் காட்டுவோம்” என்று சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார். குடும்பக் குழுவில் அதைப் போடாதீர்கள்.

2. அது எந்த வகை இரவு என்று பிரியுங்கள்

கனவை நடித்துக் காட்டுவது. கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகளை மூளை பூட்டி வைக்கும். பார்க்கின்சன் உள்ள பலருக்கு அந்தப் பூட்டு சரியாக விழுவதில்லை. அதனால் கனவில் நாய் துரத்தினால் நிஜத்தில் உதைப்பார், கனவில் சண்டை வந்தால் பக்கத்தில் படுத்தவருக்கு அடி விழும். கண் மூடியே இருக்கும். பெரும்பாலும் இரவின் பிற்பாதியில்தான் வரும். எழுப்பினால் சீக்கிரம் தெளிந்து, கனவைச் சொல்லவும் செய்வார். நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே இது வரலாம். அம்மாவிடம் துருவிக் கேட்டபோது, “அது உன் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சே” என்றார். அது பேயும் இல்லை, மனநோயும் இல்லை, அம்மா மேல் உள்ள கோபமும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை வீட்டில் உரக்கச் சொல்லிவிடுங்கள். அம்மா அதைத்தான் வருடக்கணக்காக மனதில் வைத்திருந்தார்.

திரும்ப முடியாமல் கிடப்பது. கடைசி மாத்திரையின் வேகம் நடுநிசியில் இறங்கிவிடும். உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். ஒருக்களிக்க முடியாது, போர்வையை இழுக்க முடியாது, தலையணை நனைந்தாலும் நகர முடியாது. இவருக்குத் தூக்கம் வராமல் இல்லை, வலி எழுப்பிவிடுகிறது. விடிகாலையில் பாதம் உள்ளே திருகிக் கட்டைவிரல் நிமிர்ந்தோ மடங்கியோ இழுப்பதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

காலில் இருப்புக்கொள்ளாமை. சாயங்காலம் உட்கார்ந்தாலோ படுத்தாலோ காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும், ஆட்டினால் அல்லது நடந்தால் அடங்கும். ‘சர்க்கரைக் கால்’ என்று இதைத் தள்ளிவிடுவார்கள். மருத்துவரிடம் “அசைத்தால் குறைகிறது, ராத்திரியில்தான் வருகிறது” என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடிக்கடி சிறுநீர். இது பலருக்கும் உண்டு, விழுவதும் பெரும்பாலும் இந்த நடையில்தான்.

இல்லாததைப் பார்ப்பது. கண் திறந்தபடி, விழித்த நிலையில், மூலையில் ஆள் நிற்கிறார் என்பது. இது கனவை நடிப்பதிலிருந்து வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் மருந்தே மாறிப்போகும். வீடியோவில் கண்ணைக் காட்டச் சொன்னது இதற்காகத்தான்.

பெரிய குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். தூக்க மருந்து கொடுக்கும் முன் மருத்துவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

3. மருத்துவரைப் பார்க்கும் முன்பே படுக்கையை மாற்றுங்கள்

இதற்கு யாரிடமும் சீட்டு வாங்க வேண்டாம், இன்று ராத்திரியே தொடங்கலாம்.

எங்கள் முதல் எதிரி கயிற்றுக் கட்டில். நடுவில் தொட்டில் போலத் தொங்கும். நல்ல உடம்புக்காரருக்கே அதில் புரள்வது கஷ்டம், பார்க்கின்சன்காரருக்கு அது பள்ளம். நாடாக் கட்டிலும் அப்படித்தான். தரையில் பாயும் சரிவராது, எழுவதற்குள் விடிந்துவிடும். பலகை போட்ட கட்டில், கெட்டியான மெத்தை, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் உயரம். இதுதான் வேண்டும். ஊர் ஆசாரி ஒருவர் பழைய கட்டிலுக்குப் பலகை அடித்து, கால்களை அறுத்து உயரம் சரிசெய்து கொடுக்க எங்களிடம் 1,800 ரூபாய் வாங்கினார்.

அடுத்து, வழுக்கும் துணி. இடுப்பும் தோளும் படும் இடத்தில் மட்டும் அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையை நான்காக மடித்து விரித்து இரண்டு பக்கமும் மெத்தைக்கடியில் செருகினோம். பாதம் படும் இடத்தில் பருத்தி விரிப்பே இருக்கட்டும், குதிகாலை ஊன்ற அங்கே பிடிமானம் வேண்டும். கட்டில் முழுக்க வழுக்கும் துணி போட்டால் உட்காரும்போதே சறுக்கி இறங்கிவிடுவார்.

திரும்பும் முறையைப் பகலில் பழக்குங்கள். முழங்கால் இரண்டையும் மடக்க வேண்டும், தலையைத் திரும்பும் பக்கம் திருப்ப வேண்டும், எதிர்க் கையை மார்புக்கு மேலே அந்தப் பக்கம் வீச வேண்டும், அப்புறம் முழங்கால்களைச் சரிய விட்டால் இடுப்பு தானாக வரும். கால்மாட்டில் கட்டிய ஒரு கெட்டிக் கயிறு, பிடித்து எழுந்து உட்கார உதவும். அதன் நீளம் கழுத்தருகே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழி, தையில் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் என்றால் கம்பளி இல்லாமல் முடியாது. ஆனால் கனமான கம்பளியின் அடியில் அவரால் புரளவே முடியாது. ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுவிட்டு, மேலே இலேசான போர்வை ஒன்று போதும். சாக்ஸோடு நடக்க விடாதீர்கள், சிமெண்டுத் தரையில் வழுக்கும்.

கனவில் அடிக்கும் பழக்கம் இருந்தால், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து அரிவாள், கண்ணாடித் தம்ளர், கூர் முனை மேசை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டிலின் ஒரு பக்கம் சுவர் இருந்தால் இடையில் தலையணை செருகுங்கள், மறுபக்கம் தரையில் ஒரு பழைய மெத்தை. அம்மாவுக்கு அதே அறையில் தனிக் கட்டில். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது, நாற்பது வருடப் பழக்கம். ஆனால் அம்மாதான் முதலில் சரி என்றார். அப்பா கத்தும்போது தொட்டு உலுக்காதீர்கள், அடி உங்களுக்கு விழும். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பக்கத் தடுப்புக் கம்பி வாங்க ஓடாதீர்கள். குழப்பத்தில் இருப்பவர் அதன் மேலேறி விழுவார், இடுக்கில் தலையோ கையோ மாட்டும். தாழ்வான கட்டிலும் கீழே மெத்தையும் அதைவிடப் பத்திரம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குக் கழிப்பறை வெளியே. ராத்திரியில் வாசல்படி தாண்டி, பனியில், இருட்டில் நடக்கவே வேண்டாம். ஆண்களுக்குப் பிளாஸ்டிக் சிறுநீர்க் குடுவை, பெண்களுக்கு இருக்கையோடு கூடிய கமோடு நாற்காலி. குடுவை நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. நாற்காலி பழையது விசாரித்தால் பாதி விலைக்கே வரும். மாலை 6 மணிக்கு மேல் தண்ணீரைக் குறைக்கலாம், ஆனால் பகலில் குறைக்காதீர்கள், மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் கூடும். ராத்திரி டீ வேண்டாம். எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

4. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பால். அப்பா படுக்கும் முன் மாத்திரையை ஒரு தம்ளர் பாலில் விழுங்குவார், சத்துக்காக. பாலிலும் பருப்பிலும் கறியிலும் உள்ள புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரை தண்ணீரில்தான், சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ. களி சாப்பிடுவது பிரச்சினை இல்லை, அதோடு வரும் கறிக்குழம்புதான் மாத்திரையோடு போட்டி போடும். மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வழி உண்டு.

இரும்புச்சத்து மாத்திரையையும் லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நேரம் தவறிப் போடும் மாத்திரைகள் அடுத்தது. அமன்டடின், செலிஜிலின் இரண்டும் தூக்கத்தை விரட்டும். இவை இரவில் எழுதியிருந்தால், காலைக்கும் மதியத்துக்கும் மாற்றலாமா என்று கேளுங்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில், கடையில் பாசிடேன் என்பார்கள், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் பொய்த்தோற்றத்தையும் கூட்டும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போடுகிறவர் பகலில் திடீரென்று தூங்கிவிழலாம். அப்படி ஒரு முறை நடந்தாலும் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இதே மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளையும் கிளப்பும். ராத்திரி முழுக்க ஃபோனில் ரம்மி ஆடிப் பணம் விடுகிறார் என்றால், திட்டுவதற்கு முன் மாத்திரைப் பெயரைப் பாருங்கள்.

அப்புறம், உள்ளூர் கிளினிக்கில் கேட்காமல் வாங்கும் மருந்துகள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குச் சின்னாரிசின், ஃபுளூனாரிசின் அல்லது புரோகுளோர்பெரசின், சத்தம் போடுகிறார் என்றால் ஹாலோபெரிடால் ஊசி. இவை அத்தனையும் உடம்பை அசைக்க மூளைக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுத்து, பார்க்கின்சனை நேராகவே மோசமாக்கும். அப்பா அன்று எழ முடியாமல் கிடந்ததற்கு இப்படி ஒரு ஊசிதான் காரணம் என்று பின்னால் சீட்டைப் பார்த்த மருத்துவர் சொன்னார். அவில் போன்ற அலர்ஜி மருந்தைத் தூக்கத்துக்காகப் போடுவதும் கெடுதல்தான். கால் குடைச்சலையும் குழப்பத்தையும் அது கூட்டும். வாந்திக்கு டோம்பெரிடோன் பொதுவாகப் பாதுகாப்பானது, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

நான் செய்தது: ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் “எனக்குப் பார்க்கின்சன். இந்த மருந்துகள் தர வேண்டாம்” என்று பெயர்களை எழுதி, லேமினேஷன் செய்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். 30 ரூபாய் ஆனது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூனைக்காலி விதைப் பொடியையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு கூடி, கை கால் தானாக ஆடுவதும் பொய்த்தோற்றமும் வரலாம்.

மனச்சோர்வு மாத்திரைகள் சில கனவை நடிக்கும் பழக்கத்தை அதிகமாக்கும். நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

5. எங்கே போவது, எப்போது கிளம்புவது

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலை ஓ.பி. நேரத்தில் பொது மருத்துவப் பிரிவில் சீட்டு போட்டு, நரம்பியல் மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று முறை போய்த் திரும்பினோம். தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னொரு வழி.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநலம், நரம்பியலுக்கான மத்திய அரசு மருத்துவமனை) கிட்ட. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். முதல் முறை போகிறவர்கள் காலையிலேயே பதிவு வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல் தொடங்கிவிடும், தாமதித்தால் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் இடையிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். சில்க் போர்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். இருவருக்கும் பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. கன்னடம் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

பையில் இருக்க வேண்டியவை: ஆதார் அசலும் நகலும், குடும்ப அட்டை நகல், பழைய சீட்டுகள் தேதி வாரியாக, எடுத்திருந்தால் ஸ்கேன் படங்கள், எல்லா மாத்திரை அட்டைகளும் காலியானவை உட்பட, ஏழு நாள் நோட்டு, வீடியோ. பக்கத்தில் படுப்பவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தான் செய்தது தெரியாது. மகனுக்கும் தெரியாது.

பயணத்தில் மாத்திரை நேரம் தவறக் கூடாது. அன்றைய மாத்திரைகளைச் சட்டைப் பையில் தனியாக வையுங்கள், பெரிய பையைப் பஸ் மேலே போட்டுவிட்டுத் தவிக்காதீர்கள்.

உள்ளே போனதும் முதல் வாக்கியத்தை முன்பே பழகி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாக்கியம் இது: “ராத்திரி 1 மணிக்குத் திரும்ப முடியாமல் எழுகிறார், 3 மணிக்கு மேல் கண் மூடியபடியே உதைக்கிறார், 5 மணிக்கு இடது கால் இழுக்கிறது. கடைசி மாத்திரை இரவு 8 மணிக்கு.” ஒன்றரை வருடம் நகராதது பத்து நிமிடத்தில் நகர்ந்தது.

6. என்ன சொல்வார்கள், என்ன செலவாகும்

கனவை நடிப்பதற்குப் பெரும்பாலும் மெலடோனின் அல்லது குறைந்த அளவு குளோனசெபாம். மெலடோனினை 3 மி.கி.யில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டுவார்கள். ஒரே இரவில் பலன் தெரியாது, எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. குளோனசெபாம் வேகமாகக் கேட்கும், ஆனால் தள்ளாட்டம், விழுதல், மறதி, மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு ஆபத்து. குறட்டையைத் தனியாகக் குறிக்கச் சொன்னேன் அல்லவா, அது இதற்காக. சீட்டு இல்லாமல் அதைத் தர மாட்டார்கள். முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே புதுச் சீட்டு வாங்குங்கள், திடீரென்று நிறுத்தவும் கூடாது.

திரும்ப முடியாததற்கும் விடிகாலை இழுப்புக்கும் படுக்கும்போது மெதுவாகக் கரையும் சி.ஆர். வகை லெவோடோபா தருவார்கள், அல்லது வேறு விதமாக நேரத்தை மாற்றுவார்கள். அந்த சி.ஆர். மாத்திரையைப் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது. விழுங்கச் சிரமம் என்று அம்மா அதை அம்மியில் நுணுக்கிக் கொடுத்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

கால் இருப்புக்கொள்ளாமைக்கு ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டுவது) பார்க்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தரலாமா என்று பார்ப்பார்கள். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

படுத்தபடியும், எழுந்து மூன்று நிமிடம் நின்ற பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், ராத்திரி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியிருந்தால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தச் சொல்வார்கள், ராத்திரிச் சிறுநீரும் இதனால் குறையும்.

தலையில் ஒயர் ஒட்டி, கேமரா வைத்து ஒரு இரவு முழுக்கச் செய்யும் தூக்கப் பரிசோதனை எல்லாருக்கும் உடனே தேவைப்படாது. எங்களுக்கு வீடியோவையும் அம்மா சொன்னதையும் வைத்தே மருந்து தொடங்கினார்கள். தனியாரில் அதற்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில் என்பதால், “இதனால் சிகிச்சை மாறுமா?” என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

மாதச் செலவு எங்களுக்கு இப்போது சுமார் 1,400 ரூபாய். சாதாரண லெவோடோபா-கார்பிடோபா அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது. சி.ஆர். வகையும் மெலடோனினும் வெளியே வாங்குகிறோம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் முதலில் விசாரியுங்கள். கம்பெனி மாறும்போது மாத்திரையின் நிறம் மாறும், அப்பா அதைப் பார்த்துவிட்டுப் போடாமல் ஒளித்து வைத்திருந்தார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. அட்டைகளும் உதவித்தொகையும்

பார்க்கின்சனுக்கு மாற்றுத்திறனாளிச் சான்று உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. ஆதார், புகைப்படம், மருத்துவச் சீட்டுகளோடு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் அல்லது இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அழைக்கும் நாளில் மருத்துவக் குழு முன் போக வேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். மதிப்பிடும் நாளில் அப்பாவின் மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, கம்பீரமாக நடந்து போனார்! நடக்க முடியாத நேரத்தின் வீடியோவை நான் காட்ட வேண்டியிருந்தது. நீங்களும் கொண்டு போங்கள். விண்ணப்பித்து அட்டை வர எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

அட்டை வந்ததும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். மாதம் 2,000 ரூபாய், வங்கிக் கணக்குக்கே வரும். உடனே கிடைக்காது, காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. ஆனால் அது முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதை நம்பாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவார்கள். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிறவரிடம் நடைப் பயிற்சி மட்டும் கேட்காமல், கட்டிலில் திரும்பவும் எழவும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

8. விடியும்வரை காத்திருக்கக் கூடாத இரவுகள்

மாத்திரை தீர்ந்தோ நிறுத்தியோ இருந்து, காய்ச்சல் ஏறி, உடம்பு பலகையாக இறுகி, நினைவு தடுமாறினால் உடனே 108. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் இது உயிருக்கே ஆபத்து. விழுந்து தலையில் அடிபட்டால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால், காயம் தெரியாவிட்டாலும் கிளம்புங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று ராத்திரி ஆட்களைக் காண்கிறார், பிதற்றுகிறார் என்றால் அது பார்க்கின்சன் முற்றியது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, உடம்பில் தண்ணீர் குறைந்தது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும். அவசரப் பிரிவில் அந்த லேமினேஷன் அட்டையை முதலில் நீட்டுங்கள். அங்கே படுக்கையில் சேர்த்தாலும் வீட்டில் போடும் மணிக்கே லெவோடோபா தரச் சொல்லிக் கேளுங்கள்.

9. காவல் இருப்பவரும் தூங்க வேண்டும்

பார்க்கின்சன் உள்ளவரைக் காலை வெயிலில் நடக்க விடுங்கள், மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பின் வேண்டவே வேண்டாம். இது அவருக்கு. அம்மாவுக்கு நாங்கள் செய்தது: வாரத்தில் இரண்டு ராத்திரி அவர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். ஒன்று நான் வரும் ராத்திரி, இன்னொன்று சித்தப்பா முறை. அப்பாவின் தலைமாட்டில் 250 ரூபாய் ஒயர் இல்லாத காலிங் பெல் பொத்தானை ஒட்டி, மணியைக் காவல் இருப்பவர் பக்கம் வைத்தோம். முதல் வாரம் அம்மா தூங்கவில்லை, மணி அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாராம். இரண்டாவது வாரம் நான் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டித்தான் எழுப்பினேன். அப்பா அதற்குள் எழுந்து, தானே திரும்பி உட்கார்ந்து, “உங்கம்மா என்னடா இன்னும் தூங்கறா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.